கொக்கோவை நடக்கப் பழக்கிய மாமாங்கம் அண்ணை

கனடாவில், அஜின்கோர்ட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மாமாங்கம் அண்ணை. மட்டக்களப்பு ஆள், கனகாலமாகப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. தன் வாயால் ஒன்றைக் கேட்டு வாங்கத் தெரியாத மனிதர். கலியாண வீட்டில் இலையில் சோறு முடிந்தாலும், பரிமாறுகிறவர் தானாகக் காணும்வரை பேசாமல் இருப்பார். இப்படியானவருக்குப் பக்கத்தில் குடியிருப்பது சுகம்தான். பார்த்துக்கொண்டிருக்கத்தான் எரிச்சல் வரும்.

அவருடைய மகன் பிரதாபன் ஒஷாவாவில் இருக்கிறான். கார்த்திகையில் குழந்தை பிறந்ததும் தன் நாய் கொக்கோவைக் கொண்டுவந்து இவரிடம் விட்டான். ஸ்னோக் காலம் முடிய வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. வீட்டுக்குள் நாய்க்கு என்ன வேலை என்று அண்ணை முதல் கிழமை முணுமுணுத்தார். அடுத்த கிழமை அதற்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். மகனைக் கூப்பிடுவதுபோல அதையும் “மனே” என்றுதான் கூப்பிட்டார்.

ஸ்னோ கரைய ரோட்டில் கொட்டும் உப்பு பாதத்தைக் கடிக்கிறதென்று நாலு காலுக்கும் றப்பர் சப்பாத்து வாங்கினார். குளிருக்குப் பயந்து நடையை வீட்டு வாசலோடு முடித்தார். நம்பி விட்ட பிள்ளை மெலிந்து திரும்பக்கூடாது என்பது எங்கள் சனத்தின் வியாதி. புட்டும் மீனும் முட்டையுமாகப் பங்குனி வந்தபோது கொக்கோ உரல் மாதிரி இருந்தது.

ஸ்னோ கரைந்தது. கொக்கோவோ சப்பாத்து இல்லாமல் வாசல் தாண்ட மறுத்தது. கதவைத் திறந்தால் முன்காலைத் தூக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். சப்பாத்துக்குள் வேர்த்து விரலிடுக்கு சிவந்துவிட்டது. சப்பாத்தை நிறுத்து, சாப்பாட்டைக் குறை, நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார்.

மனைவி கமலாம்பிகை அக்காவுக்குப் புருஷனின் மனம் தெரியும். நடக்காத நாயைப் பிரதாபன் கொண்டுபோக மாட்டான், அப்படியே விடுங்கள் என்றா. அண்ணைக்கும் அந்த ஆசை இல்லாமலில்லை. இருந்தாலும், “நம்பித் தந்தவனுக்கு அவன்ர நாயைப் பழுதாக்கிக் குடுக்கிறதோ?” என்று கேட்டார்.

மறுநாள் காலை என் குசினி ஜன்னலால் பார்க்கிறேன், மனிதர் காற்சட்டையை மடித்துவிட்டு வெறுங்காலோடு ஈரப்புல்லில் நிற்கிறார். பல் கிட்டுகிறது. அந்த நிலையிலும் வாசலில் நின்ற நாயைப் பார்த்து, ஒன்றும் செய்யாது வா என்று கெஞ்சுகிறார். காய்ச்சல் வந்து படுக்கப்போகிறீர்கள் என்று கத்தினேன். சிரித்தார். கொக்கோ அவரை ஏற இறங்கப் பார்த்தது. ஒரு காலை வைத்தது, எடுத்தது, பிறகு மெல்ல இறங்கி வந்து அவருடைய காலை நக்கியது. அந்தக் காட்சிக்காகவே அவருடைய அசட்டுத்தனத்தை எல்லாம் நான் மன்னித்தேன்.

முதலில் பக்கத்து வீடுவரை, பிறகு சந்திவரை, பிறகு பார்க்வரை என்று நடை நீண்டது. கொக்கோவின் வயிறு வற்றியது, அண்ணையுடையதும்தான். நாய் நன்றாக நடக்க நடக்க அது போகும் நாள் கிட்ட வந்தது. அது தெரிந்தும் அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

வருடப்பிறப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரதாபன் வந்தான். பலகாரத் தட்டோடு நானும் போயிருந்தேன். சாமான் எல்லாம் ஏற்றியாயிற்று, கொக்கோவும் பின்சீற்றில் ஏறிவிட்டது. அண்ணை கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். ஒருவழியாக மகனைப் பார்த்துச் சொன்னார்:

“மனே, இவன் இஞ்சயே நிக்கட்டும். இவன் இல்லாட்டி எனக்கு ஏலாது.”

பிரதாபன் அப்போதுதான் விஷயத்தைச் சொன்னான். நாய்மயிர் பட்டால் குழந்தைக்கு இழுப்பு வருமாம். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் நாளைக்குக் கொடுப்பதற்காகத்தான் கொக்கோவை ஏற்றியிருக்கிறான்.

“உங்களுக்குப் பாரமெண்டு நினைச்சுக் கேக்கேல்லை, அப்பா.”

அண்ணைக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் கண்டேன். பெற்ற தகப்பனிடம் கேட்க என்ன வெட்கம், உனக்கு வாய் இல்லையா என்று ரோட்டில் நின்றே ஏசினார். யார் யாரை ஏசுகிறது என்று பாருங்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. ஏசிக்கொண்டே நாயை இறக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். பிரதாபன் தகப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.