மேஸ்திரி எண்ணெய் ஊற்றிய வைஸ்

உங்கள் வீட்டு இரும்பு யாருடைய சாதியையாவது கண்டுபிடித்ததுண்டா? கூடலூர் வண்டிப் பட்டறையில் ஒரு வைஸ் கண்டுபிடித்ததாகச் சொன்னார்கள்.

மலைமேல் அணை வேலை நடந்த காலம். ஏறிப் போகிற வண்டிகளில் பாதி அச்சு முறிந்துதான் இறங்கும். அவற்றைச் செப்பனிடும் பட்டறையில் அரம் போடுகிறவர் பங்கிராஸ். அவருடைய அப்பா தோல் பதனிட்டவர், வேதத்தில் சேர்ந்தவர். ஞானஸ்நானத் தண்ணீர் பெயரை மாற்றியது, ஊர்க்காரர்களின் கண்ணை மாற்றவில்லை.

அராவ வேண்டிய இரும்பைத் தாடை போலக் கவ்விப் பிடிக்கிற வைஸ் அது, சீமையில் செய்து மூன்று கை மாறி வந்தது. வேண்டிய பக்கம் திருப்பி முடுக்கிக்கொள்ள அடியில் இரண்டு தட்டுகள் உண்டு. தட்டுகள் தேய்ந்துபோனதால், பங்கிராஸ் அரத்தை அழுத்தினால் வைஸ் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"பாத்தீகளா, இவன் தொட்டா அது மொகங் குடுக்க மாட்டேங்குது!" என்றார் மேஸ்திரி சீனிச்சாமி.

மற்றவர்களுக்கும் அது திரும்பத்தான் செய்தது. அதை யார் பார்த்தார்கள்? தீட்டுக் கழிய வெள்ளிதோறும் வைஸுக்கு மஞ்சள் பூசி, உழக்கு நல்லெண்ணெயில் அபிஷேகம் செய்தார் மேஸ்திரி. எண்ணெய் வழிந்து தட்டுகளுக்கு நடுவே இறங்கியது. அதுவரை திரும்பிக்கொண்டிருந்த வைஸ் சுழல ஆரம்பித்தது.

"ஏலே பங்கிராசு, வர்ற வெள்ளிக்குள்ள இது நிக்கணும். இல்லேன்னா நீ இங்கன நிக்கக் கூடாது."

பங்கிராஸ் வீட்டில் இதைச் சொன்னதும் மதலேனாள் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "வாராவாரம் எண்ணெய்க் குளியலா? நம்ம கல்யாணத்துக்குக்கூட ஒங்களுக்கு இம்புட்டு ஊத்தலையே! பெறகு வழுக்காம என்ன செய்யும்?"

மறுநாள் பங்கிராஸ் எல்லாரும் கேட்கச் சொன்னார்: "மேஸ்திரி, நீங்க ஒரு இழுப்பு இழுங்க. தொட்ட கை யாருதுன்னு அதுவே சொல்லட்டும்."

மறுத்தால் மானம் போகும். சீனிச்சாமி வேட்டியை மடித்துக் கட்டி அரத்தை அழுத்தினார். வைஸ் ஒரு சுற்றுச் சுற்றி, கைப்பிடியால் அவர் தொப்பையில் ஒரு குத்து வைத்தது.

"ஆத்தா!"

"ஒங்களையுமா மேஸ்திரி?" என்றான் உலைக்காரன் சுருளியாண்டி. "அப்ப ஒங்க கொலத்தையும் விசாரிக்கணுமே!"

பட்டறை சிரித்து முடிப்பதற்குள் பங்கிராஸ் வைஸைக் கழற்றிவிட்டார். சாம்பல் போட்டு எண்ணெயைத் துடைத்தார். கீழ்த்தட்டில் விளக்குக் கரியைத் தடவி, மேல்தட்டை வைத்துத் திருப்பி எடுத்தார். மேல்தட்டின் ஒரு விளிம்பில் மட்டும் கரி ஒட்டியிருந்தது; மீதி இடமெல்லாம் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒட்டிய மேட்டை அராவினார், மறுபடி கரி தடவினார், மறுபடி அராவினார். பொழுது சாய்வதற்குள் தட்டு முழுக்கக் கறுத்தது. மரை தேய்ந்த போல்ட்டுகளுக்குப் பதிலாகச் சுருளியாண்டி இரண்டு புதிதாக அடித்துக் கொடுத்தான்.

முடுக்கியபின், உடம்பின் பாரமெல்லாம் போட்டு அரத்தை இழுத்தார் பங்கிராஸ். வைஸ் இம்மியும் அசையவில்லை.

சீனிச்சாமி தொப்பையைத் தடவிக்கொண்டார். "அஞ்சு வாரம் எண்ணெய் ஊத்தியிருக்கேன், பலிக்காமப் போகுமா? சரி, வேலையில இரு."

பங்கிராஸ் வேலையில் இருந்தார். தாகமெடுத்துப் பட்டறைத் தண்ணீர்ப் பானையருகே போனபோது, அதுவரை கூடச் சிரித்த சுருளியாண்டியே குறுக்கே வந்தான்.

"ஏப்பா, ஒன் செரட்டை வெளிய அங்கன தொங்குதுல்ல?"

உங்கள் பட்டறை வாசலிலும் அப்படி ஒரு சிரட்டை தொங்கினால், இன்றைக்கே எடுத்து உலையில் போடுங்கள்.