தேசிக்காயும் குதிரை லாயமும்

சென்ற சித்திரை விடுமுறையில் பேத்தியை நுவரெலியாவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஏரிக்கரையில் பிள்ளைகளை மட்டக் குதிரையில் ஏற்றி ஒரு சுற்றுக் கூட்டி வருவார்கள். அவளையும் ஏற்றிவிட்டேன். இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டபோது அவளுடைய கம்பளிச் சட்டையில் அந்தக் குதிரை வாசம் இருந்தது. உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? என் சட்டைக் கொலரைத் தூக்கி முகர்ந்து பார்த்தேன். யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றிவர வேறு பார்த்துக்கொண்டேன். நாற்பது வருஷமாகிவிட்டது, பழக்கம் விடவில்லை.

எண்பதுகளின் நடுவில், மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் போகிற வழியில் ஒரு பங்களாவில் நான் குதிரை லாயம் கூட்டினேன். உயர்தரப் பரீட்சையை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டிருந்தேன். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கடை எரிந்த பிறகு அப்பா வீட்டோடு இருந்தார். பங்களாக்காரர் ஓய்வு பெற்ற தோட்டத் துரை. நான்கு குதிரைகள் வைத்திருந்தார். எழுத்து வேலை இருக்கும் என்று நம்பித்தான் போனேன். அவர் என் கையெழுத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நீண்ட பிடி போட்ட, சாணி அள்ளுகிற முள்ளு ஒன்றையும் தள்ளுவண்டியையும் காட்டினார்.

அங்கே எனக்கு முன்னால் இருந்தவர் சூசை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பங்களா எல்லையில் இருந்த பழைய லயத்தில், தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீட்டில், மனைவி, கைப்பிள்ளையோடு குடியிருந்தார். "நீங்க இருக்கிறது லயம், குதிரை இருக்கிறது லாயம், எழுத்துல ஒரு கால்தான் கூட" என்று முதல் வாரத்திலேயே ஒரு பகிடி விட்டேன். அவர் சிரித்தார். படித்தவன் சொன்னால் சிரிக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். அந்தப் பகிடியை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

லாயத்தின் வாசத்துக்குச் சாணம் காரணமில்லை என்பது வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. குதிரைச் சாணம் காய்ந்த புல் மாதிரித்தான் மணக்கும். கண்ணில் நீர் வரவைப்பது மூத்திரத்தில் ஊறிய வைக்கோல். நாவுலவிலிருந்து லொறியில் வருகிற வைக்கோலைத்தான் கீழே பரப்புவோம். காலையில் போனதும் நனைந்ததை முதலில் அள்ளி வெளியே தள்ளி, தரையைக் கழுவிக் காயவிட்டு, சாம்பல் தூவி, பிறகு புதியதைப் போட வேண்டும். அதைச் சரியாகச் செய்தால் பாதி வாசம் போய்விடும். மீதிப் பாதி நம் உடம்பில் ஏறிவிடும். அதற்கு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன், எண்ணெய் வாசத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால். தலையை இறுக்கிச் சீலைத் துணி கட்டினேன். லாயத்துக்கென்று ஒரு சாரம், ஒரு சட்டை. அவை வேலி தாண்டி வீட்டுக்கு வந்ததே இல்லை. வேலை முடிந்ததும் மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் சவுக்காரம் போட்டு இரண்டு தரம் குளிப்பேன். தேசிக்காயைப் பாதியாக வெட்டி எலுமிச்சைச் சாறு வடிய நகக்கண், முழங்கை, காதுமடல் என்று தேய்ப்பேன். கறுவா இலையைக் கசக்கி மாற்றுச் சட்டைக்குள் மடித்து வைப்பேன். வாயில் ஒரு கராம்பு. இதையெல்லாம் சூசை பீடியோடு குந்தியிருந்து பார்ப்பார்.

"குதிரைக்கும் நம்ம வாசம் புடிக்காமத்தான் இருக்கும் தம்பி. அது ஏதும் சொல்லுதா?" என்பார்.

அந்தச் சமயம் எனக்கு ரத்தோட்டைப் பக்கத்தில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கர். பங்களாவில் எழுத்து வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அதையே அவர்களுக்கும் சொன்னார்கள். நான் பெண் பார்க்கப் போன அன்று மூன்று கராம்பை மென்றுகொண்டு போனேன். மாமியாராக வரவிருந்தவர், "தம்பிக்குப் பல்லு வலிங்களா?" என்று கேட்டார்.

சூசையிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். "அண்ணே, என்னை வெளியில யாரோடயாவது பாத்தா பேசிடாதீங்க." அவர் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. "சரிங்க தம்பி. ஒங்கள நான் பாத்ததே இல்ல" என்றார்.

கல்யாணக் கூறைச் சேலை எடுக்க ஒரு சனிக்கிழமை பெண்ணின் அப்பாவோடு, அதாவது வரப்போகிற மாமாவோடு, ரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் புறப்பட்டேன். அன்றைக்கு என் பங்கு வேலையையும் சூசையே ஏற்றுக்கொண்டிருந்தார். பங்களாவுக்கு அருகில் பஸ் நின்றபோது அவர் ஏறினார். கையில் மண்ணெண்ணெய் வாங்க வெறும் கேன். நான்கு குதிரைகளையும் தனியே பார்த்துவிட்டு உடுப்பு மாற்ற நேரமில்லாமல் வந்திருந்தார். வாசம் அவருக்கு முன்னால் ஏறிவிட்டது. என்னைப் பார்த்தார். கண்ணை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றார்.

மாத்தளைக்கு எட்டும் முன் இராணுவச் சோதனை. எல்லாரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். என்னிடமும் மாமாவிடமும் அடையாள அட்டை இருந்தது. சூசையிடம் இல்லை. தோட்டத்து ஆட்கள் பலரையும் போல அவருடைய பிரஜாவுரிமைப் பத்திரமும் வருஷக்கணக்காக ஏதோ அலுவலகத்தில் கிடந்தது. பழைய தோட்டத்தில் கொடுத்த ஒரு கடிதத்தைத்தான் நாலாய் மடித்து வைத்திருப்பார். சிப்பாய் அதைப் பார்த்தான், கேனை முகர்ந்தான், எந்த ஊர், எங்கே வேலை என்று சிங்களத்தில் கேட்டான். குதிரை லாயம் என்றதும் மற்றவனைப் பார்த்துச் சிரித்தான். "உன்னைத் தெரிந்தவர் யாராவது இங்கே இருக்கிறார்களா?" என்றான்.

சூசை உடனே சொல்லவில்லை. இரண்டாவது தரம், தோளைப் பிடித்துத் தள்ளிக் கேட்டபோதுதான் என் பக்கம் கையைக் காட்டினார். "அந்த ஐயாவுக்குத் தெரியும். ரெண்டு பேரும் ஒரே எடத்துல வேல."

சிப்பாய் என்னிடம் வந்தான். நல்ல சட்டை போட்டிருந்தேன். மாமா என் பக்கத்தில், தோள் உரசும் தூரத்தில் நின்றார். தெரியும் என்றால் அடுத்த கேள்வி என்ன வேலை என்பதுதான். எனக்குப் பயமும் இருந்தது. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நொடியில் என் மனதில் இருந்தது சிப்பாயின் துவக்கு அல்ல, மாமாவின் மூக்கு.

"தன்னே நே" என்றேன். தெரியாது என்பதற்குச் சிங்களத்தில் அவ்வளவுதான்.

சூசை என் பக்கம் காட்டிய கையை இறக்கிக்கொண்டார். அவரை லொறியில் ஏற்றினார்கள். கேன் வீதியோரத்தில் கிடந்தது. பஸ் கிளம்பியது. நாங்கள் போய் நல்ல அரக்கு நிறத்தில் சேலை எடுத்தோம்.

திங்கட்கிழமை துரை, "சூசை எங்கே?" என்று கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "தெரியலங்க" என்றேன். அது இரண்டாவது தரம். புதன்கிழமை சூசையின் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்களா வாசலில் வந்து நின்று அழுத பிறகுதான் துரை நாலு இடத்துக்கு டெலிபோன் எடுத்தார். பிடித்துப் போன ஒன்பதாம் நாள் சூசையை விட்டார்கள்.

மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். முகம் வீங்கியிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு வைக்கோலை அள்ளினேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே பக்கத்தில் வந்தார்.

"அன்னைக்கு வாய் தவறிருச்சு தம்பி. மாமனாரு ஒண்ணும் கேக்கலயே?"

நான் எதிர்பார்த்தது வசவு. அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். "மன்னிச்சுக்குங்கண்ணே" என்றேன், சத்தம் எழும்பாமல். அவர் தலையைத் திருப்பி மற்றக் காதைக் கொடுத்தார். "என்னங்க தம்பி? இந்தப் பக்கம் சொல்லுங்க. அந்தக் காது இப்ப கேக்கிறதில்ல."

அந்தக் காதில் நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? "ஒண்ணுமில்லண்ணே. வாளிய எடுங்க" என்றேன். அவர் வாளியை எடுத்துக் கொடுத்தார்.

கல்யாணம் நடந்தது. மாமா காலமாகிப் பல வருஷத்துக்குப் பிறகு, ஏதோ பேச்சில் மனைவியிடம் அந்த எழுத்து வேலையின் உண்மையைச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே, "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே தெரியும். குதிர வாசம் அடிச்சிச்சு. அப்பாகிட்டச் சொன்னேன். ஒழச்சு சாப்புடுற ஆள்தானே, இருக்கட்டும்னாரு" என்றாள். எனக்கு இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. அப்படியானால் அந்த வரிசையில் நான் பொய் சொல்கிறேன் என்று மாமாவுக்குத் தெரியும். அவரும் வாய் திறக்கவில்லை. சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதுமில்லை. அவருக்கு அது எப்படி இருந்தது என்று கேட்க இனி வழியில்லை. பஸ் விஷயத்தை மனைவியிடம் நான் அன்றும் சொல்லவில்லை.

பிறகு வந்த கெட்ட காலத்தில் துரை குதிரைகளை விற்றுவிட்டு வெளிநாடு போனார். சூசை குடும்பத்தோடு வன்னிப் பக்கம் போய்விட்டார், அங்கே காணி கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி. நான் அப்போது கண்டியில் வேலையாகிவிட்டிருந்தேன். போகிறார் என்பது போன பிறகுதான் தெரியும். அந்தப் பக்கம் கடைசி யுத்தத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்கும் தெரியும்.

நுவரெலியாவிலிருந்து வந்த அடுத்த வாரம் ரத்தோட்டை பஸ்ஸில் ஏறி அங்கே போய் இறங்கினேன். லாயம் இருந்த இடத்தில் வாகனம் கழுவுகிற கடை. பங்களாவுக்குக் கூரை இல்லை. பீலி இருந்த இடத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். பழைய லயத்தில் ஒரு வாசலில் மட்டும் ஒரு பெண் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சூசை என்று ஒருவர் இங்கே இருந்தாரே, ஏதாவது சேதி உண்டா என்று கேட்டேன்.

"நாங்க வந்தே பத்து வருஷந்தானுங்க. ஒங்களுக்கு அவரு யாருங்க?"

"ரெண்டு பேரும் ஒண்ணா அந்த லாயத்துல சாணி அள்ளினோம்" என்றேன். கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன்.

அவள் ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள். என் கை காட்டிய பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க குதிர இருந்திச்சுங்களா? யாரும் சொல்லலயே" என்றாள்.