அண்ணனின் பாதமும் இலத்தூர் வயலும்

எங்கள் அண்ணன் பிறந்தது இலத்தூரில்; கண் மூடியதும் அதே வீட்டில்தான். இந்தப் பதினாறாம் நாளில் இந்த நினைவு மடலைக் கையில் வாங்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் அண்ணனின் ஒரே தங்கை எழுதுகிறேன்.

இளவயதில் தகப்பனாரை இழந்து, ஏர் பிடித்து எங்களைக் காத்தார்கள். கடையத்தில் வாழ்க்கைப்பட்ட நான் கணவரை இழந்து திரும்பியபோது, அவர்களே வண்டியிலிருந்து என் பெட்டியை இறக்கி வைத்தார்கள்.

வயலில் செருப்போடு இறங்க மாட்டார்கள். வரப்பிலேயே கழற்றிவிட்டு, மண்ணில் கால் பதித்துச் சற்று நேரம் அசையாமல் நிற்பார்கள். அவர்கள் மனைவி, என் மதினி, கேலி செய்தால், "யாரு மேல நிக்கோம்னு தெரிய வேண்டாமா?" என்பார்கள். உழவு தொடங்கலாமா, பொறுக்கலாமா என்பதை உள்ளங்காலே அவர்களுக்குச் சொல்லிவிடும்.

யுத்த காலத்தில் ஒரு சாரல் பருவம். குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்த அண்ணன், ஓடும் தண்ணீரில் கால்களை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"தண்ணி ஓடுதது கண்ணுக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலட்டி" என்றார்கள் என்னிடம்.

தென்காசி டாக்டர் நீரிழிவு என்றார். அதன் பிறகும் வயலுக்குப் போவது நிற்கவில்லை. ஒரு நாள் வலது பாதத்தில் முள் ஏறியிருந்ததை, வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் மதினி கண்டுபிடித்தார்கள். புண் ஆறவில்லை. மதினி வேப்பிலை அரைத்துக் கட்டினார்கள். நான் கோயிலில் போய் அழுதேன். நல்ல மருந்து தேடித் திருநெல்வேலி வரை ஆள் அனுப்பினோம், யுத்தத்தால் எங்கும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஐப்பசி நடவன்று அண்ணனைக் கட்டிலோடு தூக்கிப்போய் வரப்பில் உட்கார வைத்தோம்.

"நீ எறங்கிப் பாத்துச் சொல்லு" என்றார்கள் என்னிடம்.

இறங்கினேன். "குளுந்து கெடக்கு, அண்ணே."

"அது தண்ணிட்டி. மண்ணு எப்படி இருக்கு?"

எத்தனையோ நடவு பார்த்தவள் நான். சொல்லத் தெரியவில்லை. சேற்றில் நின்று அழுதேன். அவர்களே குனிந்து, சேற்றுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள்.

"கையும் காலு மாதிரியே ஆயிட்டு" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

மார்கழியில் காய்ச்சல் கண்டது. கடைசி மூச்சு வரை, மிச்சமிருந்த பாதத்தை மதினி மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்கள். அது அண்ணனுக்குத் தெரிந்திராது.

கட்டிலைச் சுமந்த பக்கத்து வயல்காரர்களுக்கும், மருந்துக்கு அலைந்த அண்ணாச்சிமாருக்கும், எங்களைத் தனியே விடாமல் கூட இருந்த பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

ஐப்பசியில் நட்ட பிசான நெல் கதிர் பிடித்திருக்கிறது. வயலுக்குப் பாயும் தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று மதினி என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. அறிந்தவர்கள் வந்து சொன்னால், அதற்கும் எங்கள் நன்றி.