எங்கள் வீட்டுக் குழாய்

நான் முதன்முதலாகப் பொறாமைப்பட்டது ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலைப் பார்த்து. அது பெரியப்பா மகளின் கையில் இருந்தது, என் கையில் இல்லை. வேறு காரணம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

செண்பகனூரில் சரிவின் மேல்பக்கம் பெரியப்பா வீடு, அதற்கு நேர் கீழே எங்கள் வீடு. இரண்டுக்கும் ஒரே தண்ணீர் லைன். குடிதண்ணீரில் தொழிற்சாலை ரசாயனம் ஏதும் கலந்திருக்கிறதா என்று பார்க்க மதுரையிலிருந்து ஒரு மேடம் வந்தார். தெருவுக்கு ஒரு வீடு போதும் என்று சொல்லி, பெரியப்பா வீட்டுக் கதவைத் தட்டினார். கடவுளைப் போலவே அரசாங்கமும் அந்த வீட்டுப் பக்கம்தான் என்று எனக்குத் தோன்றியது. ஏற்கெனவே அவர்கள் வீட்டில் டிவி பெரிது, அக்காவுக்கு என்னைவிட முடி நீளம். போதாததற்கு, பல வருடம் கழித்துப் பெரியம்மா ஏழு மாதம் முழுகாமல் இருந்தார். அக்காவுக்குத் தம்பி வேறு வரப்போகிறான்.

“ராத்திரி பூரா பைப்பத் தெறக்காதீங்க. காலையில வர்ற மொதத் தண்ணிய இதுல பிடிச்சு வைங்க” என்று சொல்லிவிட்டு மேடம் போனார். பெரியப்பா பெயர் ஒட்டிய அந்தப் பாட்டிலை அக்கா டிவிக்கு மேல் சாமி படம் மாதிரி வைத்துக்கொண்டாள். நான் ஒரு விரலை நீட்டியதும் கத்தினாள்.

“தொடாதடி! நீ தொட்டா ரிசல்ட் தப்பா வந்துரும்.”

எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

மறுநாள் விடிகாலையில் மேடம் வரும்போது நானும் அங்கேயே நின்றேன். பாட்டிலைக் கையில் வாங்கியவர் சட்டென்று கையை மாற்றிப் பிடித்தார். சூடு. உள்ளே இளமஞ்சள் தண்ணீரில் சீரகம் மிதந்தது. பெரியம்மா பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றியிருந்தார்.

“மதுரைக்குப் போற தண்ணிய பச்சையாவா குடுத்து விடுவாங்க? நாலு பேரு பாக்குறதுல்ல” என்றார் பெரியம்மா.

மேடத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த வீட்டில் வெள்ளனே எழுந்து குழாயைத் திறந்து எல்லா வேலையும் முடித்துவிட்டார்கள். இனி அங்கே பிடிக்க முடியாது. “இந்த லைன்ல இன்னும் பைப்பத் தெறக்காத வீடு இருக்குங்களா?” என்று கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். எங்கள் வீட்டில் அந்நேரத்துக்கு யாரும் எழுந்திருப்பதே இல்லை; அன்றைக்கு நான் மட்டும் முகம்கூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தேன். எங்கள் சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான். போர்வையோடு வந்து கதவைத் திறந்த அம்மாவின் முன்னால், புதுப் பாட்டிலில் எங்கள் அப்பா பெயரை ஒட்டினார் மேடம். அக்கா வாசலில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த உதட்டைப் பார்க்கவே எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சில வாரம் கழித்து மேடம் திரும்பி வந்தார். நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். அம்மாவிடம் தாழ்ந்த குரலில் நிறையப் பேசினார். இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, சமைக்கக் கூடாது, கேனில் வேறு தண்ணீர் வரும் என்றதெல்லாம் எனக்கும் கேட்டது. அம்மா எழுந்துபோய், மூடியிருந்த குழாயையே இன்னும் இறுக்கி மூடினாள்.

“இத யார்ட்டயும் சொல்லிட்டுத் திரியாத. பெரியம்மாட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்” என்றாள்.

நல்ல பெயர் எடுக்கப்போவது நான் என்பது அம்மாவுக்கே பொறுக்கவில்லை என்று நினைத்தேன். அவள் மேடத்தை வழியனுப்பப் போன நேரம் பார்த்து மேல்வீட்டுக்கு ஓடினேன்.

“எங்க வீட்டுத் தண்ணியிலதான் கெமிக்கல் இருக்காம்! எங்களுக்கு கேன் தண்ணி வரப்போகுது!”

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. “போடி! பைப்பு மொதல்ல எங்க வீட்டுக்கு வந்துட்டுத்தான் ஒங்க வீட்டுக்கே வருது. எங்களுக்குத்தான் நெறைய இருக்கும்.”

“இல்ல, எங்களுக்குத்தான்.”

“எங்களுக்குத்தான்!”

சொம்பும் கையுமாக அடுப்படியிலிருந்து வந்த பெரியம்மா அப்படியே நின்றார். “யாருடி சொன்னா?” என்றார். மேடம் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

“கொதிக்க வச்சுட்டாப் போயிருமாம்ல?”

“போகாதாம் பெரியம்மா. மேடமே சொன்னாங்க.”

பெரியம்மா தரையில் உட்கார்ந்தார். தோற்றுப்போனதால்தான் உட்காருகிறார் என்று எனக்குப் பட்டது. ஒரு கை வயிற்றின் மேல் இருக்க, இன்னொரு கையால் அக்காவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். அவள் தலையை, காதை, ஒவ்வொரு விரலாகத் தடவித் தடவிப் பார்த்தார். அக்காவுக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்தது. ஜெயித்தது நான், மடி மட்டும் அவளுக்கா என்று பொருமிக்கொண்டு நின்றேன்.