பனிக்கரடியின் பல்லில் பதின்மூன்று வளையங்கள்

மன்னாரிலிருந்து ஜெர்மனிக்கு அகதியாக வந்த நான், முதல் ஏழெட்டு வருடம் ஹம்பேர்க்கில் அலுவலகங்களைத் துடைத்தேன். பிறகு, முப்பது வயது கடந்த பின்னால், ஆய்வுக்கூட வேலைக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியில் சேர்ந்தேன். என்னோடு படித்தவர்களுக்கெல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயது. என் ஜெர்மனைக் கேட்டுச் சிரிப்பார்கள். என் குறிப்பேட்டைப் பார்த்து எழுதுவார்கள். பயிற்சி முடிந்ததும் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. மீனிலும் பால்மாவிலும் நச்சு இருக்கிறதா என்று அளப்பது எங்கள் வேலை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஒரு நவம்பர் மாதம், எங்கள் தலைவி என் மேசைக்கு வந்தார். ஓய்வுக்குச் சில வருடங்களே இருந்த, அதிகம் பேசாத பெண்மணி.

“நாளைக்கு வடக்கிலிருந்து பனிக்கரடிகள் வருகின்றன. பெட்டியை நீங்கள்தான் திறக்கிறீர்கள்” என்றார்.

வந்தது ஒரு வெள்ளைத் தெர்மோக்கோல் பெட்டி. மூடியை எடுத்ததும் உலர்பனியின் புகை எழுந்து மேசையில் வழிந்தது. உள்ளே சிறு குழாய்களில் இரத்தம், புளியங்கொட்டை அளவு கொழுப்புத் துண்டுகள், காகித உறைகளில் முடி. ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம். ஹெலிகொப்டரில் பறந்து மயக்க ஊசி சுட்டு, கரடி உறங்கும் ஒரு மணி நேரத்துக்குள் இவற்றை எடுத்துவிட்டு விலகிவிடுவார்களாம். கரடி எழுந்து தன் பாட்டில் நடந்துவிடும். என்ன நோய்களை அது சந்தித்திருக்கிறது, என்ன நஞ்சு அதன் உடம்பில் சேர்ந்திருக்கிறது என்று அறிவதற்காக இத்தனை பாடு.

வீட்டில் என் கணவர் கேட்டார். அவருக்குத் துறைமுகத்துக் குளிர்கிடங்கில் வேலை.

“இண்டைக்கு என்னப்பா வேலை?”

“பனிக்கரடியின்ர கொழுப்பை அரைச்சனான்.”

“பகிடி விடாதையும்.”

“உண்மையாத்தான். நாளைக்கும் அரைக்கவேணும்.”

அவர் என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். மீன் எண்ணெய் போல ஏதோ மணக்கிறது என்றார். அது உண்மைதான்.

கொழுப்பைக் கரைப்பானில் கரைத்து, பலமுறை வடித்து, கருவியில் ஏற்றினால், அது தாளில் கோடு கீறும். கோடு கூர்மையாக எழும் ஒவ்வொரு இடமும் ஒரு நஞ்சு. முதல் தாள் வெளியே வந்தபோது நான் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். தொழிற்சாலையோ தோட்டமோ இல்லாத பனிவெளியில் வாழும் விலங்கு. அதன் தாளில் இத்தனை கூர்களா? திரும்பவும் செய்தேன். அதே கூர்கள்.

தலைவியிடம் கொண்டுபோனேன். “பிழை இல்லை” என்றார். சூடான நாடுகளில் ஆவியாகும் நஞ்சைக் காற்று தூக்கிச் செல்கிறது, குளிரில் அது கீழே விழுகிறது, கடற்பாசியிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து சீல் என்ற கடல்நாய்க்கும் அதிலிருந்து கரடிக்கும் போகப் போகச் செறிகிறது என்று விளக்கினார். பிறகு கூர்களில் ஒன்றைப் பேனையால் தொட்டார். “இது டிடிடியின் மிச்சம்.”

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். எனக்கு ஐந்தாறு வயதாக இருக்கும்போது, காக்கி உடுத்த சுகாதாரப் பகுதியினர் முதுகில் தாங்கிய பம்பியோடு வந்து மலேரியாவுக்கு வீட்டுச் சுவரெல்லாம் அதை அடிப்பார்கள். அம்மா பானைகளை வெளியே எடுத்துவைப்பார். சுவரில் வெள்ளைத் திட்டுகள் காயும்.

“என் ஊரில் இதை அடித்திருக்கிறார்கள். இதிலே அதுவும் இருக்குமா?” என்று கேட்டேன்.

தலைவி பேனையை மூடினார். “இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.”

அந்த மருந்து எங்களைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றியது. அதனால் எனக்குக் குற்ற உணர்வு வரவில்லை. ஆனால் பூமி இவ்வளவு சின்னதா என்ற திகைப்பில் அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை.

சாப்பிட முடியாததற்கு வேறு காரணமும் இருந்ததைப் பத்து நாள் கழித்துத்தான் அறிந்தேன். பத்து வருடம் காத்திருந்து, இனி இல்லை என்று நாங்கள் இருவரும் பேசாமலே முடிவு செய்திருந்த பிள்ளை. தலைவியிடம் சொன்னேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். அதற்கு முன் அவர் யாரையும் தொட்டு நான் கண்டதில்லை. அடுத்த நிமிடமே கரைப்பான்கள் இருந்த அறைக்கு நான் போகக்கூடாது என்றார். சட்டம் அப்படி. என்னை ஜன்னலோரம் நுணுக்குக்காட்டியின் முன் இருத்தினார்.

அங்கே பல் இருந்தது. மயங்கிய கரடியின் வாயிலிருந்து, அதற்குப் பயன்படாத ஒரு குட்டிப் பல்லை எடுப்பார்கள். என் சின்னவிரல் நகம் அளவுதான். அதை மெல்லிய சீவலாகச் சீவிச் சாயம் ஏற்றினால், வருடத்துக்கு ஒன்றாக வளையங்கள் தெரியும். நான் அவற்றை எண்ணவேண்டும்.

நாற்பத்தியோராம் இலக்கப் பெண்கரடிக்குப் பதின்மூன்று வளையங்கள். இரண்டு இடங்களில் வளையம் நூல் போல ஒடுங்கியிருந்தது.

“சாயம் சரியாகப் பிடிக்கவில்லையோ?” என்று கேட்டேன்.

தலைவி குனிந்து பார்த்தார். “குட்டி வளர்த்த வருடங்களாக இருக்கலாம். தாய்க்கரடிகளின் பல்லில் அப்படித் தெரிவதுண்டு. மாதக்கணக்காக ஒன்றும் உண்ணாமல் பனிக்குழிக்குள் கிடந்து பால் கொடுப்பாள்.”

நான் கண்ணைக் கருவியிலிருந்து எடுக்கவில்லை. அவள் பட்டினி கிடந்ததைப் பல் எழுதிவைத்திருந்தது.

நோய்க்கிருமிகளைத் தேடும் வேறொரு ஆய்வுக்கூடத்திலிருந்து இரத்த அறிக்கை வந்தது. நாய்களையும் கடல்நாய்களையும் கொல்லும் ஒரு வைரசுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் நாற்பத்தியொன்றின் இரத்தத்தில் இருந்தது. எப்போதோ அந்தக் கிருமி அவளுக்குள் வந்திருக்கிறது. அவள் அதை வென்று எழுந்து நடந்திருக்கிறாள். எவரும் காணவில்லை.

அவளை முன்பும் ஒருமுறை பிடித்திருந்தார்கள், குட்டி இல்லாத காலத்தில். இம்முறை ஒன்பது மாதக் குட்டி கூட நின்றதாகக் குறிப்பு இருந்தது. இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சொன்னேன்: “சில நஞ்சுகள் குறைந்திருக்கின்றன!”

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். “குறைந்தது உண்மை. எங்கே போனது என்று யோசியுங்கள்.”

யோசித்தேன். என் கை தானாக வயிற்றுக்குப் போனது. பால்.

“என்னுடைய பாலிலும் இருக்குமா?”

“கொஞ்சம் இருக்கும். என்னுடையதிலும் இருந்திருக்கும். நான் இரண்டு மகன்களுக்கும் கொடுத்தேன். நீங்களும் கொடுங்கள். கொடுப்பதுதான் நல்லது.”

கோடையில் மகள் பிறந்தாள். காலை வெளிச்சத்தில் அவளை முதன்முதலாக நெஞ்சில் வைத்தபோது, அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயால் தேடினாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்தாள். என் முகத்தைப் பார்த்துக் கணவர் கேட்டார்: “என்ன யோசிக்கிறீர்? நோகுதோ?”

“இல்லை. அந்தக் கரடியும் இப்பிடித்தானே குடுத்திருக்கும்.”

“ஆஸ்பத்திரிக்கும் கரடியைக் கூட்டிக்கொண்டு வந்திட்டீரோ” என்று சிரித்தார். சிரிக்கும்போதே அழுதார்.

மகள் பால் மறந்த பிறகு, அடுத்த வருடக் கடைசியில் வேலைக்குத் திரும்பினேன். முந்திய வருடத்துப் பெட்டி ஆழ்குளிரில் காத்திருந்தது. நாற்பத்தியொன்றை மீண்டும் சந்தித்திருந்தார்கள். இம்முறை குட்டிக்கும் இலக்கம் கொடுத்து, இரத்தமும் கொழுப்பும் எடுத்திருந்தார்கள். பெண்குட்டி.

அவளை நானே அளந்தேன். கூர்கள் தாயினுடையதை விட உயர்ந்து நின்றன. எதிர்பார்த்ததுதான்; தாய்ப்பாலில் வந்தவை. பிறகு பனிவெளியில் எழுதிய குறிப்புத்தாளைப் புரட்டினேன். எடை, நீளம், பற்களின் நிலை. கடைசியில், குளிரில் நடுங்கிய கையெழுத்தில் ஒரு வரி: ‘நல்ல உடல்நிலை. மயக்கம் தெளிந்ததும் நான் பனியில் தவறவிட்ட கையுறையைக் கவ்விக்கொண்டு தாயின் பின்னால் ஓடிவிட்டாள்.’

தலைவியிடம் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“அட்டவணையில் இதை எங்கே போடுவது?” என்று கேட்டேன்.

“அடிக்குறிப்பாகப் போடுங்கள்” என்றார். “அறிக்கையிலிருந்து யாராவது அதை வெட்டினால் நான் பேசிக்கொள்கிறேன்.”

யாரும் வெட்டவில்லை.