வெள்ளைப் பூ வந்த பிறகு

வீரமணி கம்பைநல்லூரிலிருந்து தக்காளி ஏற்றிப்போகும் மினி லாரி ஓட்டியவன். இரண்டு கிட்னியும் போன பிறகு, அதே லாரியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டயாலிசிஸுக்குப் போய்வருகிறான். சித்திரை வெயிலிலும் நாளெல்லாம் அவனுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான். அதற்கு மேல் குடித்தால் மூச்சு வாங்கும்.

மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னி வேண்டிப் பதிவு செய்தபோது, தன் நம்பரைக் கொடுக்காமல் அண்ணன் மாதவராஜ் நம்பரைக் கொடுத்தான். அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். பெரியவரான மாதவராஜ் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பெரியவரோ அம்மனிடம் பூ கேட்காமல் ஒரு துரும்பையும் அசைக்க மாட்டார். வெள்ளையும் சிவப்புமாகப் பூவைப் பொட்டலங்களாக மடித்துப் போட்டு, பூசாரி ஒன்றை எடுப்பார்; வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். போர்வெல் போட்டதும் அப்படித்தான், லாரி வாங்கியதும் அப்படித்தான்.

பங்குனியில் ஒருநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கிட்னி பொருந்துகிறது, உடனே கிளம்பி வாருங்கள் என்றார்கள். மாதவராஜ் கேட்ட முதல் கேள்வி, செத்தவர் எப்படிச் செத்தார் என்பது. இளவயசுக்காரர், தூக்குப் போட்டுக்கொண்டார் என்றார்கள். துர்மரணம். அந்த ஆவி தம்பி உடம்போடு வூட்டுக்குள் வந்துவிட்டால்?

டாக்டர் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். "எப்படி இறந்தாருங்கிறது கிட்னிக்கு முக்கியம்தாங்க. ஆனா நீங்க பயப்படுற காரணத்துக்காக இல்ல." கொஞ்ச நேரம் இதயம் நின்றிருந்ததால் முதல் சில நாள் கிட்னி மந்தமாக இருக்கலாம், பிறகு தேறிவிடும்; பல வருஷம் பிபி இருந்து மூளையில் ரத்தம் கசிந்து இறந்த வயசானவரின் கிட்னியைவிட இது நெடுநாள் உழைக்க வாய்ப்பு அதிகம் என்றாராம். இதை மாதவராஜே பிற்பாடு என்னிடம் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். அத்தனையும் காதில் வாங்கிக்கொண்டு, வூட்டில் கலந்து சொல்கிறேன் என்று போனை வைத்தாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு மணி நேரத்துக்குள் சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதும் அவருக்குக் கேட்கத்தான் செய்தது.

வூட்டில் யாரோடும் கலக்கவில்லை. வீரமணி வேப்பமரத்தடியில்தான் படுத்திருந்தான். அவனைத் தாண்டிப் போய் வண்டியை எடுத்தார். கோயில் பூட்டியிருந்தது. பூசாரி தீர்த்தமலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வண்டியை அங்கே விரட்டிப் போய், பந்தியிலிருந்து எழுப்பி, கூட்டிவந்து பூ போடவைத்தார். முதல் பொட்டலத்திலேயே வெள்ளைப் பூ.

அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து தம்பியிடம் விஷயத்தைச் சொன்னார். வீரமணி போனைப் பிடுங்கி ஆஸ்பத்திரிக்குப் போட்டான். பதில் வராததால் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

"ஆத்தாளே ஒத்துக்கிச்சு அண்ணா," என்றான் வீரமணி. "நீதான் கேட்டுக்கிட்டே இருந்திருக்க."

அன்று ஆஸ்பத்திரிக்கு அழைக்கப்பட்ட அடுத்தவர் அரூர் அப்துல் ஷுக்கூர். டயாலிசிஸில் வீரமணிக்குப் பக்கத்துப் படுக்கை. ஆடி மாதம் பார்க்க வந்தார். வீரமணி மனைவி கோகிலவாணி சொம்பில் தண்ணீர் கொடுக்க, அண்ணாந்து மொத்தத்தையும் குடித்தார். வீரமணி அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் வாரம் கிட்னி சரியாக ஓடவில்லை, திரும்ப டயாலிசிஸ் செய்தார்கள், அப்புறம் பிடித்துக்கொண்டது என்றார் ஷுக்கூர்.

மாதவராஜுக்கு அப்போதும் அடங்கவில்லை. "ராத்திரியில கனவு கினவு ஏதாச்சும் வருதுங்களா?" என்று கேட்டார்.

"முன்னெல்லாம் வரும்ங்க. சொம்பு நெறயத் தண்ணி குடிக்கிற மாதிரி," என்றார் ஷுக்கூர். "இப்ப வர்றதில்ல."

மறுநாள் வீரமணி ஆஸ்பத்திரியில் அண்ணன் நம்பரை எடுக்கச்சொல்லி, தன் நம்பரைக் கொடுத்தான். இன்னும் அழைப்பு வரவில்லை.