மதுரைக்குப் போகாத புருவம்

பெரியப்பா மதுரையிலிருந்து கொண்டுவந்த பைகளில் பாதி இனிப்பு, மீதி மதுரை. இனிப்பு இரண்டு நாளில் முடிந்தது. மதுரை முடியவேயில்லை.

அவர் அப்பாவுக்கு அண்ணன் முறை. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். தோட்டத்துச் சனத்தில் இன்னார் இங்கே, இன்னார் இந்தியாவுக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்தபோது பெரியப்பாவின் குடும்பம் கப்பலேறியது. அப்பா அப்போது கைக்குழந்தை. பிறகு கலவரத்துக்குப் பயந்து அப்பாவின் வீட்டார் வன்னிக்கு ஓடிவந்து, கிளிநொச்சியின் ஓரத்தில் காடு வெட்டிக் குடியேறினார்கள். அங்கேதான் நான் பிறந்தேன். அங்கேதான் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனையில், வாத்தியாரே வெளியில் சொல்ல வெட்கப்பட்ட புள்ளி ஒன்றை எடுத்தேன்.

பெரியப்பா முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் கூடிவிடும். கோபுரத்தில் எத்தனை பொம்மை, சித்திரைத் திருவிழாவுக்கு எத்தனை லட்சம் பேர், காலையில் பறித்த மல்லிகைப்பூ மத்தியானம் எந்த நாட்டுக்கு விமானத்தில் போகிறது, புதிதாகக் கட்டிய மேம்பாலத்தின் நீளம் என்ன, எல்லாம் சொல்வார். போனில் படமும் காட்டுவார்.

"ரெண்டாயிரம் வருசத்து ஊருடா. ராசா போட்ட தெருவுலதான் இன்னைக்கும் நாங்க நடக்கிறோம்."

எங்கள் நகரத்தில் அப்போது என்னைவிட வயது கூடிய கட்டடத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். யுத்தம் தின்றதுபோக எல்லாம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த நேரம். வங்கி புதிது, சந்தை புதிது, புகையிரத நிலையத்தில் பெயின்ற் மணம்கூடப் போகவில்லை. அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா? தெப்பக்குளத்துப் படத்தை அவர் காட்டியதும் கேட்டேன்.

"இந்தக் குளத்துத் தண்ணியில எத்தினை ஏக்கர் விதைக்கலாம் பெரியப்பா?"

"இது விதைக்கிறதுக்கு இல்லடா. சாமி தெப்பத்துல சுத்துற குளம்."

"அப்ப மற்ற நாளில சும்மாவா வச்சிருக்கிறியள்? எங்கட இரணைமடுக் குளத்தில ஒரு வாய்க்காலைத் திறந்தாலே உங்கட ஊர் முழுக்க நனையும்."

குசினிக்குள் அம்மா இருமினாள். அது சிரிப்பு. அப்பா முறைத்தார்.

பகிடி அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் என்னுடைய புள்ளி எப்படியோ பெரியப்பாவின் காதுக்குப் போய்விட்டது. பையனை மதுரைக்கு அனுப்பு, நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பிறத்தியாரின் வயலில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டி முதுகு போன அப்பா, அன்று இரவு முழுக்க யோசித்துவிட்டு விடியச் சம்மதித்தார். அம்மா மட்டும், "போற புள்ளைக்கு ரெண்டு சட்ட தைக்கணும்" என்றாள். பிறகு அடுப்பை நெடுநேரம் ஊதினாள், அது நன்றாக எரிந்துகொண்டிருந்தபோதும்.

என்னைத்தான் ஒருவரும் கேட்கவில்லை.

என் வகுப்பில் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பொடியன்கள் சிலர் இருந்தார்கள். சண்டை வராதவரைக்கும் நல்லவர்கள். சண்டை வந்தால் எல்லோருக்கும் ஒரே வசனம்தான்: "உன்ர இந்தியாவுக்குப் போடா." அதற்காக நான் எத்தனையோ பேரின் சட்டைப் பொத்தானைப் பிடுங்கியிருக்கிறேன். இப்போது நானே பெட்டி கட்டிக்கொண்டு போனால், பிடுங்கிய பொத்தானையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டல்லவா போகவேண்டும்?

பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போகிற நாள் காலையில் நான் தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பயணச் சந்தோசம் என்று அப்பா நினைத்தார். பெரியப்பாவும் கூட வந்தார்.

ஸ்ரூடியோக்காரர் என்னை வெள்ளைத் துணிக்கு முன்னால் இருத்தித் தொப்பியைக் கழற்றச் சொன்னார். கமராவுக்குள் பார்த்தார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். திரும்பவும் கமராவுக்குள் பார்த்தார்.

"அண்ணை, பொடியனுக்கு ஒரு புருவத்தைக் காணேல்லை."

"என்னாது?"

"இடப்பக்கம் வெறுமையாக் கிடக்கு. வேணுமெண்டால் பென்சிலால கீறி விடுறன். ஆனா பாஸ்போட் கந்தோரில கண்டாங்கள் எண்டால் திருப்பி விடுவாங்கள்."

அப்பாவின் சவர பிளேட் வேலை செய்த இடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அப்பா கையை ஓங்கினார். பெரியப்பா அதைப் பிடித்துக்கொண்டு, ஏனடா என்று என்னைக் கேட்டார்.

"சண்டை வந்தா என்னை இந்தியாவுக்குப் போ எண்டுதான் சொல்லுறவங்கள். நான் போனா அவங்கள் சொன்னது சரியெண்டு ஆகிடும். நான் போகமாட்டன். அடிச்சா மற்றதையும் வழிப்பன்."

அப்பாவின் கை தானாக இறங்கியது. ஸ்ரூடியோக்காரர் கமராவைத் துடைக்கத் தொடங்கினார். பெரியப்பா என்னருகில் வந்து, வழித்த இடத்தைப் பெருவிரலால் தடவினார்.

"எங்க தெருவுல வந்து எம்பேரச் சொல்லிக் கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாதுடா. சிலோன்காரன் வீடுன்னு கேக்கணும். சின்னப்புள்ளைகூடக் கையக் காட்டும்."

என் தொப்பியை எடுத்துத் திரும்பவும் என் தலையில் வைத்தார்.

"அப்ப எனக்கும் உன் வயசுதான். கப்பலேற மாட்டேன்னு தலைமன்னாருல மண்ணுல உருண்டு அழுதேன். அழத்தான் தெரிஞ்சுது. இது தோணாமப் போச்சு."

என் மூளையை ஒரு பெரிய மனிதர் இப்படி மெச்சியது அதுதான் முதல் தடவை. பெருமை தாங்கவில்லை. தாராளமாக ஒரு வழி சொன்னேன்.

"இப்பவும் வழிக்கலாம் பெரியப்பா. பிளேட்டை எங்க ஒளிச்சு வச்சனான் எண்டு எனக்குத் தெரியும். நீங்களும் எங்களோட இருங்கோவன்."

அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஏ ஒன்பது வீதியில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பேரப்புள்ளைங்க இருக்குடா அங்க," என்றார், நான் ஏதோ கணக்குக் கேட்டதுபோல.

அவ்வளவு பெரிய கோபுரமும் மேம்பாலமும் உள்ள ஊருக்குத் திரும்பிப் போவதற்கு ஒரு மனிதர் எதற்குக் காரணம் சொல்லவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. நான் வென்றவன். ஐஸ்கிரீம் கேட்டேன். வாங்கித் தந்தார்.